பால்சாமியின் இடது பக்கம்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சபையில் பாட்டுப் பாடுகிற நர்ஸ் கிரேசம்மா. போன லெந்து நோன்பு நாட்களில், உபவாச ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்க உட்கார்ந்திருந்தபோது சொன்னாள்.

"கம்ப்யூட்டரே நோயைக் கண்டுபிடிச்சிருது சார். இனி எங்களுக்கு என்ன வேலை?"

கேட்டவள் செல்வரூபி. டாக்டர் படிப்பு முடித்து, கிரேசம்மா வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இருந்தவள். கேட்டது அவளுக்குக் கற்றுக்கொடுக்கிற பெரிய டாக்டர் சுயம்புவிடம்.



"பால்சாமிக்கு எப்படி இருக்கு?" என்றார் அவர்.

பால்சாமி சந்தையில் வாழைத்தார் இறக்குகிறவர். காய்ச்சலோடு வந்து படுத்திருந்தார். வந்த அன்றைக்கு எடுத்த நெஞ்சுப் படத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துவிட்டு, வலது பக்கம் அடியில் நிமோனியா, இடது பக்கம் சுத்தம் என்று சொல்லியிருந்தது. இன்றைக்கு அவரை வீட்டுக்கு விடலாமா கூடாதா என்று முடிவு செய்ய வேண்டும். மனைவி பையைக் கட்டிவிட்டாள்.

"காலையில குழாய் வச்சுக் கேட்டேன் சார். வலது பக்கம் மட்டும் லேசா நெறுநெறுங்குது. இடது பக்கம் சுத்தம். அனுப்பிரலாம்."

சுயம்பு அவள் கழுத்தில் கிடந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் காதிலேயே மாட்டினார். அதன் வட்டத்தை விரலால் தட்டினார்.

"கேக்குதா?"

"இல்ல சார்."

பலமாகத் தட்டினார்.

"இல்ல சார்."

அந்த வட்டத்தைச் சரியான பக்கத்துக்குத் திருகி வைத்தால்தான் சத்தம் காதுக்கு வரும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

செல்வரூபிக்கு முகம் சுட்டது.

"காலையில அவருக்கு வச்ச பிறகு நான் இதைத் தொடவே இல்ல சார். அப்பவும் அடைச்சுத்தான் இருந்திருக்கு."

பொய் சொல்லவில்லை அவள். கம்ப்யூட்டர் சொன்னதைப் படித்துவிட்டுப் போனதால், அந்த நெறுநெறுப்பு நிஜமாகவே காதில் விழுந்த மாதிரிதான் இருந்தது.

"ஆனா கம்ப்யூட்டர் சொன்னது சரியாத்தானே சார் இருக்கும்?"

"இருக்கும். உன் காதுல கேட்டது என்ன, அதைச் சொல்லு."

செல்வரூபி வட்டத்தைத் திருகினாள். வார்டுக்கு நடந்தாள்.

முதலில் ஃபேனை நிறுத்தினாள்.

"புழுங்குது தாயி," என்றார் பக்கத்துக் கட்டில்காரர். "காய்ச்சல் அவனுக்கு, வேர்வை எனக்கா?"

"கொஞ்சம் பொறுங்கய்யா."

"காலையில கேட்டது பத்தாதா டாக்டரம்மா?" பால்சாமி சிரித்தார். "உள்ள கச்சேரியா நடக்குது?"

"பேசாதீங்கய்யா. மூச்சை நல்லா இழுத்து விடுங்க."

வலது பக்கம் அந்தச் சத்தம் இருந்தது. இடது முதுகுக்கு மாற்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இருமச் சொல்லி மறுபடியும் வைத்தாள்.

"ஆட்டோ வந்துருச்சும்மா," என்றாள் மனைவி.

செல்வரூபி கையை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தாள்.

பிறகு சுயம்புவிடம் போய் நின்றாள்.

"இன்னைக்கு அனுப்ப வேண்டாம் சார். இடது பக்கமும் நெறுநெறுப்பு ஆரம்பிச்சிருக்கு."

"கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லலியே."

"சொல்லல சார். புதுப் படம் எடுக்க எழுதியிருக்கேன். கம்ப்யூட்டரும் பார்க்கட்டும்."

உங்கள் நெஞ்சில் டாக்டர் குழாய் வைத்துக் கேட்கும்போது, அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் பேசாமல் இருங்கள்.