இருளாயி கையை மட்டும் ஏன் கட்டல

ஒரு ஊர்ல ஒரே ஒரு கண்மாய். அதுக்கு இந்தப் பக்கம் மேலத்தெரு, அந்தப் பக்கம் கீழத்தெரு. யாரு வயலுக்கு முதல்ல தண்ணின்னு வருஷா வருஷம் அடிதடி. கம்பு சடார் சடார்னு விழும். ஜெயிச்ச தெருவுக்குத் தண்ணி, தோத்த தெரு நாத்து கருகிப் போயிரும். ம் கொட்டு, அப்பத்தான் சொல்லுவேன்.

மேலத்தெருவுல இருளாயின்னு ஒருத்தி. போன வருஷச் சண்டையில அவ புருஷனுக்குக் கை ஒடிஞ்சு, நாத்தும் போச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா கஞ்சிக்கு வழியில்ல. பாவம், யோசிச்சு யோசிச்சுப் பாத்தா. அப்புறம் ரெண்டு தெருவையும் கூப்பிட்டு, "கை சும்மா இருந்தாத்தானே கம்பெடுப்பீங்க? கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுக் காலால பந்தை உதைச்சு மோதுங்க"ன்னா.

கண்மாய்க் கரைப் பொட்டல்ல, தெருவுக்கு ஒரு முனைன்னு ரெண்டு ரெண்டு உரலைப் போட்டாங்க. எந்தத் தெரு உரலுக்கு நடுவுல பந்து போகுதோ, அந்தத் தெரு தோத்துச்சு.

பந்துக்கு எங்க போக? முதல்ல வைக்கோலைச் சுருட்டி உதைச்சாங்க. பொலபொலன்னு உதிர்ந்துருச்சு. அப்புறம் தேங்காய். ணங்! ஊரே ஒத்தைக் கால்ல நொண்டிச்சு. சிரிக்காத, தூக்கம் போயிரும். அப்புறம் ஆட்டுத்தோலுக்குள்ள இலவம்பஞ்சை அடைச்சுத் தைச்சாங்க. அது தொம் தொம்னு ஓடுச்சு.

அப்போ எல்லாரு கையையும் துண்டால கட்டினாங்க. மேலத்தெரு உரலுக்கு நடுவுல நின்ன இருளாயி இடுப்புல மட்டும் கைக்குழந்தை.

"அவ கையையும் கட்டு"ன்னான் கீழத்தெரு சன்னாசி.

"கட்டுண்ணே. புள்ளையை நீ வச்சுக்கிறியா?"ன்னா இருளாயி.

வேற யாரு தூக்கினாலும் அந்தப் புள்ள வீல்னு கத்தும். மடை திறக்குற தாத்தா பாத்தாரு. "சரி, அவ கை இருந்துட்டுப் போகட்டும். ஆனா உரலை விட்டு நகரக் கூடாது"ன்னாரு. தூங்கிட்டியா? ம்.

அப்புறம் ஆட்டம். பொழுது சாயுற நேரம், சன்னாசி ஓங்கி ஒரு உதை விட்டான். விர்ர்ருன்னு பந்து நேரா புள்ள மூஞ்சிக்கு வருது. இருளாயிக்குத் தண்ணியும் ஞாபகமில்ல, நாத்தும் ஞாபகமில்ல. ஒரு கையால புள்ளையை அணைச்சுக்கிட்டு, இன்னொரு கையால பந்தை லபக்குன்னு நெஞ்சோட புடிச்சுட்டா.

சன்னாசி கட்டின கையோட ஓடியாந்தான். "புள்ளைக்கு ஒண்ணுமில்லையே தாயி?"

"ஒண்ணுமில்லண்ணே."

பொழுதும் போச்சு. ஒரு பக்கமும் பந்து நுழையல. "ஜெயிச்சது யாரு?"ன்னு கேட்டாங்க.

"யாருமில்ல. அப்போ தோத்ததும் யாருமில்ல"ன்னு சொல்லிட்டு, தாத்தா முதல் தடவையா ரெண்டு மடையையும் சேர்த்துத் திறந்தாரு. சலசலன்னு தண்ணி ரெண்டு பக்கமும் பாதி பாதியாப் போச்சு. இருளாயி வரப்புல உக்காந்து, நாத்து நனையுறதைப் பாத்து அழுதா. சந்தோஷத்துலதான்.

அதுலேருந்துதான் கால்பந்துல கோலுகிட்ட நிக்கிற ஆளு மட்டும் கையால புடிக்கலாம்னு ஆச்சு. புத்தகத்துல வேற மாதிரி போட்டிருப்பாங்க, இது நம்ம வீட்டுக் கதை. பந்து உருண்டு உரலுக்குள்ள போச்சு, கதை உன் கண்ணுக்குள்ள போச்சு. மூடிக்கோ, தூங்கு.