மூடுபனியில் ஒரு கூவல்

மேகங்கள் வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் மலைவீடு ஒன்றில் எஸ்தர் அம்மையார் வாழ்ந்துவந்தார். பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு விடியற்காலையில், முன்பு அவரிடம் ஆய்வு பயின்ற வேலாயுதம் மலையேறி வந்தார். இப்போது அவரும் தலை நரைத்த வரலாற்றுப் பேராசிரியர்.

“முகத்தில் களையே இல்லையே. பசியா, கவலையா?”

“இரண்டும்தான், அம்மா.”

பசிக்கு ரொட்டி வந்தது. கவலையை வேலாயுதம் கைப்பேசியில் திறந்து காட்டினார்.

“நாளை புதிய ஆய்வு மாணவர்கள் வருகிறார்கள். குறிப்பெடுக்க ஒரு செயலியை நான் தேர்ந்து கொடுக்க வேண்டும். இது, படிக்கும் பக்கத்தை அப்படியே அள்ளிக்கொள்ளும். இந்த இரண்டாவது, அள்ளியதைச் சுருக்கியும் தரும். மூன்றாவதை ஒதுக்கிவிட்டேன். ஒரே நச்சரிப்பு. ஒவ்வொரு குறிப்புக்கும், ‘இது உன் சொல்லா, நூலின் சொல்லா?’ என்று கேட்டு வழிமறிக்கும். பதில் சொல்லாமல் நகர விடாது.”

“சரியான மாமியார்தான்!” என்று சிரித்தார் அம்மையார். “இதற்கா இத்தனை கவலை?”

வேலாயுதத்தின் குரல் தாழ்ந்தது.

“சென்ற ஆண்டு செவ்வந்தி என்றொரு மாணவி. அவளுடைய ஆய்வேட்டில் பிறர் நூலின் வரிகள் அப்படியே கிடந்தன. ஏடு திரும்பி வந்தது. ‘என் வரிகள் என்றே நினைத்தேன், ஐயா’ என்று அழுதாள். படிப்பையே விட்டுப் போய்விட்டாள். இன்னொரு பிள்ளை அப்படிப் போகக் கூடாது, அம்மா.”

“அவள் சொன்னதை நம்பினாயா?”

“எப்படி நம்புவது? தன்னுடையது தனக்கே தெரியாமல் போகுமா?”

அம்மையார் சால்வையைப் போர்த்திக்கொண்டு எழுந்தார்.

“வா. ஒலிப்பதிவைப் போட்டுக்கொள்.”

வீட்டின் பின்புறம், பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெண்மை மட்டுமே இருந்தது. மரங்கள் அடியற்று மிதந்தன. தம் கால்களே வேலாயுதத்துக்குத் தெரியவில்லை.

“கூவு.”

“நானா?”

“மலைக்கு உன் பதவி தெரியாது. கூவு.”

“ஓ...” என்றார் வேலாயுதம். எதிர்ப்பாறை அதை வாங்கித் திருப்பித் தந்தது. பனிக்குள் எங்கோ நின்ற சுற்றுலாப் பயணிகளும் கூவினார்கள். “டேய், மலை பதில் பேசுதுடா!” என்று ஒருவன் சிரித்தான். வேலாயுதம் மறுபடி கூவினார், அவர்களும் கூவினார்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, உறக்கத்தில் கேட்பவைபோல மெல்லக் கரைந்தன.

வீட்டுக்குள் வந்து தேநீர் அருந்திய பின் அம்மையார் சொன்னார்:

“இப்போது போட்டுக் கேள். உன் குரல் வரும்போது கையைத் தூக்கு.”

வேலாயுதம் கண்களை மூடிக் கேட்டார். ஓ... ஓ... ஒரு கூவலுக்கு அவர் கை உயர்ந்தது.

“இதுதான். சந்தேகமே இல்லை.”

மூச்சு விடாமல் அதே குரல் தொடர்ந்தது: “டேய், மலை பதில் பேசுதுடா!”

தூக்கிய கை சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு தானாக இறங்கியது. சன்னல் வழியே பனி உள்ளே வந்து இருவருக்கும் நடுவில் அமர்ந்தது.

வேலாயுதம் கைப்பேசியில் செயலிகளின் பட்டியலுக்குத் திரும்பியபடி கேட்டார்:

“அந்த மூன்றாவது செயலியை மாணவர்கள் திட்டித் தீர்ப்பார்களே, அம்மா?”

“திட்டட்டும். குறிப்பெடுத்த நேரத்தில் செவ்வந்தியை அப்படி ஒருவரும் கேட்கவில்லையே.”