ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை

தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தாள் நஸ்ரின். அவளிடம் சிஷ்யராகச் சேர்ந்த மாசிலாமணிக்கு அவள் அப்பா வயது. கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி சென்டர்காரர். அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். கற்றுக்கொள்ள வெட்கப்படாத மனுஷர். சொன்னபடி செய்யத்தான் கொஞ்சம் வெட்கம்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு இயங்குதளமும் வேண்டும் என்றார். "ஒரு டிஸ்க்ல ரெண்டுக்கு எங்க இடம்?" என்று சந்தேகமும் அவரே பட்டார். நஸ்ரின் டிஸ்க்கை இரண்டு பகுதியாகப் பிரித்துக் காட்டினாள்.

"முதல்ல விண்டோஸ், பெறகு லினக்ஸ். மாத்திராதீங்க அண்ணாச்சி."

மாசிலாமணிக்கு லினக்ஸ்மேல் புது மோகம். பந்தியில் மாப்பிள்ளைக்குத்தானே முதல் இலை? தன் கடைக்குப் போய் லினக்ஸை முதலில் ஏற்றினார். மகளின் கல்யாணப் பத்திரிகையை அதிலேயே ஆசை ஆசையாகச் செய்தார். அழைப்பவர் என்று தன் பெயரை மட்டும் போட்டார். "எம்பேரு எங்க?" என்று கேட்ட மனைவி இசக்கியம்மாளிடம், "இடம் பத்தல" என்றார். அதற்குப் பிறகு விண்டோஸை ஏற்றினார்.

மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டால் விண்டோஸ் மட்டும் வந்தது. லினக்ஸைக் காணோம், பத்திரிகையையும் காணோம். சாயங்காலம் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

நஸ்ரின் கடைவாசலில் நின்று கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். ஷட்டர் பூட்டியிருந்தது.

"போச்சு டீச்சர், எல்லாம் அழிஞ்சு போச்சு!"

"எங் கடையும்தான் போச்சு அண்ணாச்சி."

"என்னது?"

அவள் கடையும் புதிதாக வந்த தையல்கடையும் ஒரே ஷட்டருக்குள் இருந்தன. அவள் டீ குடிக்கப் போன நேரத்தில், உள்ளே இன்னொரு கடை உண்டு என்ற நினைப்பே இல்லாமல், தையல்காரர் ஜெபராஜ் தன் பூட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்.

"பூட்டுனா கடை எங்க போகும்? உள்ளதான இருக்கு!"

"பெறகு நீங்க ஏன் அழுறீங்க?"

மாசிலாமணி கையிலிருந்த சிபியூவைப் பார்த்தார்.

ஜெபராஜ் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டே திறந்துவிட்டார். நஸ்ரின் ஒரு பென்டிரைவைச் செருகி, நாலு வரி தட்டினாள். திரையில் லினக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு பெயரும் வந்தன. பத்திரிகை அப்படியே இருந்தது. மாசிலாமணிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"வரிசை மாறினதுக்கா டீச்சர் இவ்வளவும்?"

"விண்டோஸ் தன்னை மட்டும் நெனச்சு வாசலப் பூட்டிரும். லினக்ஸ் உள்ள வேற யாரு இருக்காங்கன்னு பாத்து, அவங்க பேரையும் வாசல்ல எழுதிவைக்கும். கடைசியா வாரவங்க கையிலதான் சாவி இருக்கும் அண்ணாச்சி."

மாசிலாமணி பத்திரிகையைத் திறந்து, தன் பெயருக்குப் பக்கத்தில் 'இசக்கியம்மாள்' என்று தட்டினார். வரி அழகாக உட்கார்ந்தது.

"இடம் பத்தாதுன்னுல்லா நெனச்சேன் டீச்சர்."

"டிஸ்க்கப் பிரிக்கும்போதும் இதத்தான் சொன்னீங்க."