கீழே வைத்த குடம்

"இந்தப் பிள்ளைங்களுக்கு இவ்வளவு கொடுமைய யாரு சாமி சொல்லிக் கொடுத்தது?"

மூச்சிரைக்க வந்து நின்றான் அருளாளன். கோடை விடுமுறைக்கு மடத்துத் தோட்ட வேலைக்கு வந்த பதினொரு பிள்ளைகளுக்கு அவன்தான் மேற்பார்வை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

குரு மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"கிணத்துலேருந்து கத்தரிப் பாத்தி வரைக்கும் வரிசையா நின்னு குடத்தைக் கைமாத்துறாங்க. குமுதினிக்கு மட்டும் யாரும் கையில கொடுக்கிறதில்ல. தரையில வச்சிட்டுத் தள்ளி நிக்கிறாங்க. அவ வச்சா, கழுவிட்டு எடுக்கிறாங்க. அவ கையில வெள்ளைத் திட்டு இருக்கு, ஒட்டிக்குமாம்."

"ஒட்டுமா?"

"ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததையே படிச்சுக் காட்டினேன். சிரிக்கிறாங்க."

"அப்புறம்?"

"அவளைத் தனியாப் பூப்பறிக்க அனுப்பிட்டேன். இனிமே யாரும் சீண்ட மாட்டாங்க."

"அவ என்ன சொல்றா?"

அருளாளன் தலை குனிந்தான்.

"நாளைக்கு வரமாட்டாளாம்."

குரு எழுந்தார்.

தோட்டத்தில் வெயில் கொளுத்தியது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். குரு பூக்கூடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு குமுதினியை வரிசைக்கு நடுவே நிறுத்தினார்.

"அவளுக்கு அடுத்து நீ நில்லு," என்றார் அருளாளனிடம்.

"நானா?"

வந்த நாள் முதல் அவன் வேப்பமர நிழலை விட்டு வந்து குடம் தொட்டதே இல்லை. வந்து நின்றான்.

குடம் வந்தது. குமுதினிக்கு முன்னால் நின்றவன் தினகரன், எல்லோரையும் தூண்டிவிடுகிறவன். குடத்தைத் தரையில் வைத்தான். வரிசை களுக்கென்று சிரித்தது.

அருளாளனுக்கு ரத்தம் கொதித்தது. அவனை அறையலாம் போலிருந்தது.

குமுதினி குனிந்து குடத்தை எடுத்தாள். அருளாளன் பக்கம் திரும்பி நீட்டினாள்.

"கீழ வைம்மா, எடுத்துக்கிறேன்," என்றான் அவன்.

சிரிப்பு நின்றது.

தன் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயிருந்ததை அப்போதுதான் கவனித்தான்.

"முத நாளு அவ மோர் கொண்டாந்தப்பவும் சார் இப்படித்தான் சொன்னாரு," என்றான் தினகரன். அவன் கேலி செய்யவில்லை. பார்த்ததைச் சொன்னான்.

அருளாளன் குருவைப் பார்த்தான். குரு கூடையிலிருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குடம் நிறைகுடம். தண்ணீர் தளும்பிக் குமுதினியின் பாதத்தில் கொட்டியது. ஆனாலும் அவள் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

"பிடிங்க சார்," என்றாள்.