இரண்டு குழாய் ரத்தம்

“ப்ரிசில்லாவுக்கு மட்டும் என்ன மேடம் சொல்லிக் குடுத்தீங்க?”

கேட்டவர் டாக்டர் அறவாழி. ஊரில் பாதிப் பேருக்குப் பல் பிடுங்கிய கை. எலும்பு வளர்க்கும் சிகிச்சையைக் கற்க, தன்னைவிட வயதில் சின்னவரான டாக்டர் சுல்தானாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, எடுத்த சூட்டோடு மெஷினில் சுழலவிட வேண்டும். குழாயின் நடுவே மஞ்சளாக ஒரு ஜவ்வு திரளும். அதை நறுக்கி, எலும்புத் தூளோடு பிசைந்து, பல் போன பள்ளத்தில் அடைத்தால் எலும்பு பிடித்து வளரும். கொஞ்சம் சுணங்கினாலும் போச்சு. ரத்தம் குழாயிலேயே கட்டிவிடும்.

ப்ரிசில்லா இப்போதுதான் படிப்பை முடித்து வந்த பெண். அவள் வைத்த இடமெல்லாம் எலும்பு பிடித்தது. முத்துப்பேச்சி என்ற அம்மாளுக்கு அறவாழி வைத்ததோ தூளாகவே வெளியே வந்துவிட்டது.

அவருக்குத் தாங்க முடியாத வயிற்றெரிச்சல். ப்ரிசில்லா சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று பட்டது. அவளுடைய நோயாளி கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாயைக்கூடச் சர்க்கரை வியாதி என்று சொல்லித் தள்ளிவிட்டார். அவருக்குச் சர்க்கரையெல்லாம் கிடையாது.

“இன்னிக்கு முத்துப்பேச்சியம்மா வர்றாங்கல்ல?” என்றார் சுல்தானா. அவ்வளவுதான் பதில்.

மறைக்கிறார் என்றே அறவாழி நினைத்தார்.

முத்துப்பேச்சிக்கு நரம்பு லேசில் அகப்படவில்லை. மூன்றாவது குத்தில்தான் ரத்தம் வந்தது. அந்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “பரவால்ல டாக்டர், இந்தத் தடவ எலும்பு வந்துரும்ல?” என்று கேட்டாள்.

வரும் என்று சொல்லிவிட்டு, இரண்டு குழாயோடு மெஷின் அறைக்கு விரைந்தார்.

அங்கே ப்ரிசில்லா தன் குழாயிலிருந்து ஜவ்வை எடுத்துக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று நீளமாக வந்தது. அறவாழி அப்படியே நின்றுவிட்டார். இடுக்கியை எங்கே பிடிக்கிறாள், எப்படி அழுத்துகிறாள், எப்படி நறுக்குகிறாள் என்று கண் இமைக்காமல் பார்த்தார். அதை அப்படியே பிடுங்கிக்கொண்டு போனால் என்ன என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அடுத்தவர் ரத்தம் முத்துப்பேச்சிக்கு ஆகாது என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அவள் தூளோடு பிசைந்து எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் சுல்தானா நின்றிருந்தார்.

“பார்த்தீங்களா டாக்டர்?”

“பார்த்தேன் மேடம். எனக்குத் தெரியாதது ஒண்ணுகூட அவ செய்யல. அப்புறம் அவளுக்கு மட்டும் எப்படி வருது?”

சுல்தானா உள்ளங்கையை நீட்டினார்.

அறவாழி தன் கையைத் திறந்தார். சுல்தானா இரண்டு குழாயையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்தார். உள்ளே ரத்தம் அசையவில்லை.

“அந்தம்மாகிட்ட இன்னொரு கையை நீட்டச் சொல்லி நீங்க கேக்கறீங்களா, நான் போய்க் கேக்கட்டுமா?”