முள்ளையனுக்கு வந்த இரண்டாவது கூலி

மூடுபனி இறங்கும் ஒரு மலைக்காட்டில் பெருச்சாளிகள் கிழங்குக் கம்பெனி நடத்தின. மற்ற விலங்குகள் கிழங்கு தோண்டிக் கொடுக்கும். வாரத்துக்குப் பத்துக் கிழங்கு கூலி. ஆனால் கூலியைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. பெயர் பதிந்தவர்களுக்கு அடைமழை மாதம் முழுக்கக் கம்பெனிக் குகையில் இடம் உண்டு. அந்த மழையில் வெளியே மாட்டிக்கொண்டு பிழைத்தவர் யாரும் இல்லை.

கம்பெனியின் கணக்குப்பிள்ளை மூக்காண்டி என்ற கிழட்டுப் பெருச்சாளி. பகலில் அதற்குக் கண் தெரியாது. அதனால் காதால்தான் ஆள் எண்ணும். விடிந்ததும் குகை வாசலில் நின்று பெயரைக் கூப்பிடும். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு விலங்கும் தன் சத்தத்தைக் கொடுக்க வேண்டும். ஆமை ஓட்டைத் தட்டும். முள்ளம்பன்றி முள்ளையன் முள்ளைச் சிலிர்த்துச் சலசலக்கும்.

ஒருநாள் முள்ளையன் பதில் கொடுத்துவிட்டு, முதுகில் படிந்த பனியை உதற இன்னொரு தரம் சிலிர்த்தது. இரண்டு முள்ளையன் என்று எழுதிக்கொண்டது மூக்காண்டி. அந்த வாரம் முள்ளையனின் வளை வாசலில் இருபது கிழங்கு கிடந்தது.

பக்கத்து வளை ஆமை ஓட்டம்மாள் அதைப் பார்த்துவிட்டு, பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொன்னது.

“நானா கேட்டேன், அக்கா? வலிய வர்ற சீதேவியை யாராவது உதைப்பாங்களா? அவ்வளவு பெரிய கம்பெனிக்குப் பத்துக் கிழங்கு எந்த மூலைக்கு?” என்றது முள்ளையன்.

“அது இல்லாத ஒருத்தனுக்கு வந்த கூலி. அவன் தேடி வந்தா என்னப்பா செய்வே?”

முள்ளையன் சிரித்தது. இல்லாதவனுக்குக் கால் ஏது, தேடி வர?

அன்று முதல் மூக்காண்டி அதன் பெயரை இரண்டு முறை கூப்பிட்டது. முள்ளையனும் கூசாமல் இரண்டு முறை சலசலத்தது. நாலாவது வாரம் ஒரு காலையில் அது முதல் பதிலைக் கொடுத்தது. இரண்டாவதைக் கொடுக்குமுன், முதுகுக்குப் பின்னால் பனிக்குள் யாரோ சலசலத்தார்கள். திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை.

பிறகு பக்கத்துக் குழியில் தோண்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஈரமண்ணும் அப்போதுதான் எடுத்த கிழங்கும் மட்டும் கிடந்தன. வளைக்குப் போனால் படுக்கை சூடாக இருந்தது. அதில் உதிர்ந்து கிடந்த முள் தன் முள்ளைப் போலவே இருந்தது. “இப்பத்தானே உள்ளே போனே, மறுபடியும் வெளியிலிருந்து வர்றியே?” என்று ஓட்டம்மாள் கேட்டது.

பயத்தை யாரிடமாவது சொல்லலாம் என்றால், கிழங்குக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. மழைக்கு முன் கொடுத்துவிடலாம், நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று நாளைக் கடத்தியது.

கடைசியில் வானம் கறுத்து முதல் தூறல் விழுந்த அன்றுதான், தின்றது போக மிச்சமிருந்த கிழங்கைத் தூக்கிக்கொண்டு குகைக்கு ஓடியது. எல்லாரும் உள்ளே போயிருந்தார்கள். மூக்காண்டி மட்டும் வாசலில் நின்றது.

“முள்ளையன் வந்திருக்கேன், ஐயா. தப்பா வந்த கூலியைத் திருப்பிக் கொடுக்கணும்.”

மூக்காண்டி மூக்கை உறிஞ்சியது. “முள்ளையன் நேத்தே வந்து கொடுத்துட்டானே. ஒண்ணுகூடக் குறையாம எண்ணி வச்சான். முள்ளையன் ஒருத்தன்தான், இன்னொரு பேரை அடிச்சுடுங்கன்னு அவனேதான் சொன்னான். அடிச்சுட்டேன். உள்ளே படுத்திருக்கான்.”

“ஐயா, நான்தான் முள்ளையன்!”

“அப்படின்னா திருப்பிக் கொடுத்தவன் யாரு? சரி, சத்தம் கொடு, பார்ப்போம்.”

முள்ளையன் உடம்பெல்லாம் சிலிர்த்தது. முள் அத்தனையும் நிமிர்ந்து நின்று ஆடின. ஒரு சத்தமும் வரவில்லை.

குகைக்குள்ளிருந்து, கதகதப்பான இருட்டிலிருந்து, முள்ளையனின் சலசலப்பு கேட்டது.

“அதோ, அவன்தான்,” என்று சொல்லிவிட்டு மூக்காண்டி உள்ளே போனது. பெருச்சாளிகள் வாசல் கல்லை உருட்டி மூடின. மழை பிடித்துக்கொண்டது.

தவறி வந்த பொருளைத் தாமதிக்காமல் திருப்பிக் கொடுப்பவனுக்கே அவன் பெயர் அவனுடையதாக நிலைக்கும்.