கூடையின் அடியில் கை விட்டவர்

தேவமங்கலத்து மன்னர் வீரகண்டருக்குப் புள்ளிவிவரத்தின் மேல் தனி மோகம். அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு கல்விச்சாலையே கட்டிவிட்டார். அங்கே ஆசான் பூவண்ணர் முந்நூறு சூத்திரங்களை மாணவர்களுக்கு உருப்போட வைத்தார். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சராசரிச் சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். அதை வைத்து என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டி வைத்திருந்தார்கள். அது இன்னும் வேண்டுமா என்று அறிய, நூறு வீடுகளில் விசாரித்து வரும்படி மன்னர் மாணவர்களை அனுப்பினார். வெயிலில் நடப்பது பாடத்தில் இல்லையே. அரண்மனைக்கு எதிரே ராஜவீதியிலேயே நூறு வீட்டையும் முடித்துவிட்டார்கள். வீட்டுக்குச் சராசரி மூன்று வேளைச் சாப்பாடு, அதில் ஒரு வேளை நெய்யோடு. பஞ்சமே இல்லை என்று முடிவாயிற்று. அடுத்த வாரம் தொட்டிகளை மூட உத்தரவும் எழுதியாயிற்று.

அவையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன தில்லைநாயகத்துக்கு மனசு பொறுக்கவில்லை. கஞ்சிக்கு வரிசையில் நிற்கும் முகங்களை அவர் தினமும் பார்ப்பவர். மறுநாள் ஒரு கூடை மாம்பழத்தோடு சபைக்கு வந்து, கூடை முழுக்கப் பழம் எப்படி என்று ஆசான் சொல்லட்டும் என்றார். பூவண்ணர் மேலே இருந்த மூன்றைத் தின்றார். சூத்திரம் ஒன்றைச் சொன்னார். அத்தனையும் தேன் என்று அறிவித்தார்.

“அப்படியானால் நான்காவதை மகாராஜா சாப்பிடட்டும்” என்று அடியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார் தில்லைநாயகம். மன்னர் ஆசானை நம்பிக் கடித்தார். கடித்த வேகத்தில் துப்பினார். உள்ளே ஒரே புழு.

“சந்தைக்குப் போகிற எந்தப் பெண்ணும் அடியில் கை விட்டுப் பார்க்காமல் கூடை வாங்க மாட்டாள், மகாராஜா. நம் பிள்ளைகள் ராஜவீதியை மட்டும் பார்த்துவிட்டு, நாடு முழுக்க வயிறு நிறைந்துவிட்டது என்கிறார்கள்.”

மன்னர் உத்தரவைக் கிழித்துப் போட்டார். மாணவர்கள் முதலில் கூடையை வைத்துப் பழகட்டும், பிறகு கடைக்கோடி ஊர் வரை போய் எண்ணி வரட்டும், அதுவரை கஞ்சி நிற்கக் கூடாது என்றார்.

ஒரு மாதம் கழித்து மன்னரும் தில்லைநாயகமும் கல்விச்சாலைக்குப் போனார்கள். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். கூடைச் சூத்திரமாம். நாற்பது வரி.

“கூடை எங்கே?” என்று கேட்டார் மன்னர்.

“அது அடுத்த ஆண்டுப் பாடம், மகாராஜா” என்றார் பூவண்ணர்.

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். “சரி, அடுத்த ஆண்டு வரை கஞ்சி உண்டு.”

தில்லைநாயகத்துக்கு அன்றே மன்னர் கையால் ஒரு கூடை மாம்பழம் பரிசாகக் கிடைத்தது. அவர் முதலில் அடிவரை கை விட்டுப் பார்த்தார். பிறகுதான் மன்னரைக் கும்பிட்டார்.